உமி எரியட்டும், சாம்பல் பறக்க வேண்டாம்

"உமியைக் குத்திக் கை சலிக்காதே" என்பார்கள் பெரியோர். உமியால் ஒரு பயனும் இல்லை என்பது அவர்கள் கருத்து. ஆனால் எங்கள் தெருக்கோடியில் உள்ள அரிசி ஆலையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அங்கே நெல்லை அவிப்பதே உமிதான்!

100 கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 20 கிலோ உமி கிடைக்கிறது. அதை உலையில் எரித்துக் கொதிகலனில் நீராவி உண்டாக்குகிறார்கள். ஊறிய நெல்லை அவிக்கவும், பிறகு உலர்த்தவும் அந்த வெப்பம் உதவுகிறது. விறகுக்காக மரம் வெட்ட வேண்டியதில்லை. தொலைவிலிருந்து நிலக்கரி கொண்டுவரவும் வேண்டியதில்லை. நிலக்கரியை எரித்தால், பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் புதைந்திருந்த கரி கரியமில வாயுவாகிக் காற்றில் கூடுகிறது. உமியிலிருந்து வரும் கரியமில வாயுவோ, நெற்பயிர் வளர்ந்தபோது காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான். அடுத்த போகத்துப் பயிர் அதை மறுபடியும் எடுத்துக்கொள்ளும். சர்க்கரை ஆலைகளும் இப்படியே கரும்புச் சக்கையை எரித்துச் சாறு காய்ச்சுகின்றன.

அப்படியானால் குறையே இல்லையா? உண்டு. எங்கள் பக்கம் காற்று வீசும் நாட்களில், அம்மா கொடியில் உலர்த்தும் வெள்ளைச் சீருடை மீது கருஞ்சாம்பல் படிகிறது. ஒருநாள் காலை வழிபாட்டின்போது சகோதரி என்னை அழைத்து, "துவைக்காமலா உடுத்தி வந்தாய்?" என்று கேட்டார்கள். நான் தலைகுனிந்து நின்றேன். திண்ணையில் அமரும் என் பாட்டியோ நாள்தோறும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கிறார்.

உமியின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகிறது. அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அதன் நுண்துகள்களைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு. புகையைச் சுழலவிட்டுச் சாம்பலைக் கீழே விழச்செய்யும் கருவிகளும், துணிப்பை வடிகட்டிகளும் இருக்கின்றன. பிடித்த சாம்பலும் வீணாகாது. சிமெண்டில் கலக்கவும் செங்கல் செய்யவும் அது பயன்படும்.

ஆலையை மூட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் அப்பாவுக்கு அங்கேதான் வேலை. எங்கள் வீட்டு உலை கொதிப்பதும் அதனால்தான். ஆனால் விறகுச் செலவையும் நிலக்கரிச் செலவையும் உமி மிச்சப்படுத்துகிறதே, அந்த இலாபத்தில் ஒரு பங்கைச் சாம்பலைத் தடுக்கச் செலவிடக் கூடாதா? இம்மலரைப் படிக்கும் பெற்றோர்களில் ஆலை உரிமையாளர்கள் இருந்தால், அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: வெப்பம் உங்கள் ஆலைக்கு, சாம்பல் எங்கள் கொடிக்கு என்பது நியாயமாகுமா?

உமி எரியட்டும், சாம்பல் பறக்க வேண்டாம்!

— மாணவி, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு