ஒரு துளி மருந்து. நாற்பது மடங்கு விலை!

எதிரே நிற்பவரின் தோள் தெரிகிறது, காது தெரிகிறது. முகம் மட்டும் தெரியவில்லை. நேராய் நிற்கும் கதவு வளைந்து தெரிகிறது. செய்தித்தாளை விரித்தால் ஓரத்து எழுத்துகள் தெரிகின்றன. படிக்க வேண்டிய சொல்லை மட்டும் ஒரு கரும்புள்ளி விழுங்கிவிடுகிறது. “வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்” என்கிறார்கள் வீட்டார். அப்படித்தான் என்று விட்டுவிட வேண்டிய நோயா இது?

இல்லை, தோழர்களே! மருந்து இருக்கிறது. அந்த மருந்தைச் சுற்றி நடந்த வாணிபத்தைத்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

விழித்திரையின் நடுவே மாக்குலா என்றொரு சிறு இடம் உண்டு. நாம் எழுத்தைப் படிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், பேரனின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதும் அதன் தயவால்தான். முதுமையில் சிலருக்கு அதன் அடியில் வேண்டாத இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. வலுவற்ற குழாய்கள் அவை. நீரும் இரத்தமும் கசிந்து நடுப்பார்வையைக் கெடுக்கின்றன. அக்குழாய்களை “வளர், வளர்” என்று ஏவிவிடுவது ஒரு புரதம். வி.இ.ஜி.எஃப். என்று அதற்குப் பெயர். 1989இல் அமெரிக்காவின் ஜெனன்டெக் நிறுவனத்தில் நெப்போலியோன் ஃபெராரா என்ற அறிஞரும் அவர் தோழர்களும் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதைப் பிடித்துக் கட்டிப்போடும் எதிர்ப்புப் புரதத்தையும் ஆக்கினார்கள். அந்த அறிவுக்குத் தலைவணங்குகிறோம். ஆனால் பிறகு நடந்ததென்ன?

ஒரே மூலத்திலிருந்து இரண்டு மருந்துகள் பிறந்தன. மூத்தது அவாஸ்டின், 2004இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. இளையது லூசென்டிஸ், கண்ணுக்கென்றே சிறிதாக்கப்பட்டு 2006இல் அனுமதி பெற்றது. இளையது சந்தைக்கு வருமுன்பே, 2005இல், மயாமி நகரத்துக் கண் மருத்துவர் ஃபிலிப் ரோசன்ஃபெல்டு அவாஸ்டினில் ஒரு துளியைக் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார். பலன் கிடைத்தது. புற்றுநோய்க்கான ஒரே குப்பியைப் பிரித்தால் பல கண்களுக்கு ஊசி போடலாம். ஆகவே அவாஸ்டின் ஊசி ஒன்றுக்கு அன்று அமெரிக்காவில் ஏறத்தாழ 50 டாலராக இருந்தது. லூசென்டிஸ் ஊசிக்கோ ஏறத்தாழ 2,000 டாலராக இருந்தது. நாற்பது மடங்கு!

விலையில் நாற்பது மடங்கு. வேலையில் எத்தனை மடங்கு? அந்தக் கேள்வியைக் கேட்டது கம்பெனி அல்ல. அமெரிக்க அரசின் தேசியக் கண் ஆய்வு நிறுவனம் பொதுப்பணத்தைப் போட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தது. 2011இல் முடிவு வந்தது. மாதந்தோறும் ஊசி போட்டதில் ஓராண்டில் லூசென்டிஸ் தந்த முன்னேற்றம், பார்வைப் பலகையில் சராசரி 8.5 எழுத்து, அவாஸ்டின் தந்தது 8 எழுத்து. அரை எழுத்துதான் வேறுபாடு! மருந்துச் செலவு? ஓராண்டுக்கு ஒருவருக்கு 23,400 டாலர் அங்கே. 595 டாலர் இங்கே. 2013இல் உலக சுகாதார நிறுவனம் அவாஸ்டினின் மூலப்பொருளான பெவாசிசுமாபை, கண்ணுக்குரிய இன்றியமையா மருந்தாகத் தன் பட்டியலில் சேர்த்தது.

இத்தாலியின் கதை இன்னும் கேவலம். அங்கே அவாஸ்டினை விற்றது ரோஷ். லூசென்டிஸை விற்றது நோவார்ட்டிஸ். போட்டியாளர்கள் என்றுதானே நினைப்போம்? மலிவான மருந்து கண்ணுக்கு ஆபத்து என்ற அச்சத்தைப் பரப்ப இருவரும் கைகோத்தார்கள் என்று கண்டு, 2014இல் இத்தாலியப் போட்டி ஆணையம் 18.25 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2019இல் அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விலை உயர்ந்த மருந்து விற்றால் உரிமைத்தொகை ரோஷுக்கு. ரோஷின் வாக்குரிமைப் பங்குகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று அப்போது நோவார்ட்டிஸ் கையில்! வலக்கை கொடுக்க, இடக்கை வாங்க, சட்டைப்பை ஒன்றே.

“குப்பியைப் பிரித்து ஊசியில் அடைத்தால் கிருமி புகாதா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2011இல் மயாமி பகுதியில், சரியாகப் பிரித்து அடைக்காத அவாஸ்டினால் 12 பேர் கண்களில் தொற்று ஏற்பட்டது. ஆனால் அது பிரித்து அடைத்த கையின் குற்றம், மருந்தின் குற்றமல்ல. அதற்குப் பரிகாரம் சுத்தமும் மேற்பார்வையும், தடை அல்ல. நம் நாட்டிலேயே 2016 சனவரியில் இம்மருந்தைக் கண்ணில் போடக்கூடாதென்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி எச்சரிக்கை விடுத்தார். கண் மருத்துவர்கள் எழுந்து நின்று ஏழைகளின் கதி என்னவென்று கேட்டார்கள். மார்ச்சில் அது திரும்பப் பெறப்பட்டது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஒரு மருந்தை எந்த நோய்க்குப் பயன்படுத்தலாம் என்று அனுமதி கேட்பது கம்பெனியின் விருப்பமாகவே இருக்கிறது. மலிவான மருந்துக்கு அனுமதி கேட்க இலாபக்காரனுக்கு என்ன பைத்தியமா? பொதுப்பணத்தில் நடந்த ஆய்வு “பலிக்கிறது” என்று சொன்னால், கம்பெனி கேட்காவிட்டாலும் அரசே அனுமதிக்கட்டும். பெரிய அரசு மருத்துவமனைகளில் சுத்தமாகப் பிரித்தடைக்கும் கூடங்கள் அமையட்டும்.

தோழர்களே! உங்கள் தாயோ தந்தையோ “கோடு வளைந்து தெரிகிறது” என்றால் ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள். கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தழும்பு விழுந்தபின் இழந்த பார்வை மீள்வது அரிது. “இதைவிட விலை குறைந்த மருந்து உண்டா?” என்று அங்கே கூசாமல் கேளுங்கள். கேட்பது பிச்சை அல்ல, உரிமை!