பயிரைத் தேடி வந்த பூச்சிகள்

வவுனியாவில் சோளக் குருத்தைக் குடையும் படைப்புழு ஓர் அந்துப்பூச்சியின் பிள்ளை. வீட்டு வளவுத் தேசிமரத்தில், குருவி எச்சம்போலக் கிடந்து இலையைத் தின்பது வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. முன்னதைக் கண்டால் மருந்து தேடுகிறோம். பின்னது சிறகு முளைத்துப் பறந்தால் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுகிறோம். ஐந்நூறு வருட வரலாறு இந்தப் பாகுபாட்டை லேசில் ஒப்புக்கொள்ளாது.

சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வழியே ஆசியாவுக்கு வந்தது. அதைத் தின்னும் படைப்புழு பின்தொடர நெடுங்காலம் பிடித்தது: 2016இல் மேற்கு ஆபிரிக்கா, 2018இல் கர்நாடகம், அதே ஆண்டின் பிற்பகுதியில் இலங்கை. 2018/19 காலபோகச் சோளம் பலத்த அடி வாங்கியது.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். தேசி, தோடை எல்லாம் ஆசிய வம்சம். 1493இல் கொலம்பஸ் இரண்டாம் பயணத்தில் அக்குடும்பத்து விதைகளை ஹிஸ்பானியோலாத் தீவில் இறக்கினார். அத்தீவின் டொமினிக்கன் குடியரசில் 2004இல் நம் வளவில் திரியும் இதே தேசி வண்ணத்துப்பூச்சி கண்டறியப்பட்டது. தென்கிழக்காசியாவிலிருந்து போயிருக்கலாம் என்கிறது மரபணு ஆய்வு. அங்குள்ள தோட்டக்காரருக்கு அந்த அழகிய சிறகே பீடை.

இரண்டின் சுபாவமும் வேறு. அந்து முட்டைகளை நூறு இருநூறாகக் குவித்து மயிரால் மூடும். காற்றோடு ஓரிரவில் 100 கிலோமீற்றர் வரை பறக்கும். அதன் புழு முந்நூறுக்கு மேற்பட்ட செடிவகைகளைத் தின்னும். வண்ணத்துப்பூச்சி தளிரில் ஒவ்வொரு முட்டையாக ஒட்டும். தேசி, வில்வம், கறிவேப்பிலைக் குடும்பத்தைப் பெரும்பாலும் தாண்டாது. ஆனாலும் வன்னியில் அது அடங்கியிருப்பதற்குச் சுபாவம் மட்டும் காரணமல்ல. அதன் முட்டையையும் கூட்டுப்புழுவையும் துளைக்கும் சின்னக் குளவிகள், கும்பிடுபூச்சி, குருவிகள் எல்லாம் காலங்காலமாய்க் காவல் நிற்கின்றன. அதனால் இளங்கன்றுகளைத் தவிர மற்ற மரங்களுக்கு அது பெருந்தொல்லை தருவதில்லை.

படைப்புழுவோ தன் பழைய எதிரிகளில் பலவற்றை அமெரிக்காவிலேயே விட்டுவிட்டு வந்தது. தெற்காசியக் குளவிகள் சில அதைத் தாக்கப் பழகியிருக்கின்றன. அவற்றைக் காப்பது விவசாயியின் கையில் இருக்கிறது: முட்டைக் குவியலை இலையோடு கிள்ளி நசுக்கி, கண்டபாட்டுக்கு மருந்தடிப்பதைத் தவிர்க்கலாம். விதையோடும் கன்றோடும் அடுத்த பூச்சி நுழையாமல் தடுப்பது துறைமுகத்தின் பொறுப்பு.

பயிருக்கும் அதன் பூச்சிக்கும் இடையே கடல் ஐந்நூறு வருடம் வேலியாக நின்றது. இன்று நாம் புதிதாக நடும் எந்தப் பயிருக்கும் அவ்வளவு தவணை கிடைக்கப்போவதில்லை.