கேட்காமல் கட்டும் வீடு

மும்பையின் தாராவிக் குடிசைப் பகுதியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்காக, அங்கே யார் எந்த ஆண்டு குடியேறினார் என்பதை வைத்து மகாராஷ்டிர அரசு மக்களைப் பிரித்து வைத்திருக்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே இருப்பவருக்கு அங்கேயே 350 சதுர அடியில் இலவச வீடு. அதற்குப் பின் 2011-க்குள் வந்தவருக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்கு 300 சதுர அடி. ஆனால் தாராவிக்கு வெளியே. அதற்கும் பிந்தி வந்தவருக்கும், எப்போது வந்திருந்தாலும் மாடியில் குடியிருப்பவருக்கும் வெளியே எங்கோ வாடகை வீடு. தவணை கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். ஒரே இரும்பேணியின் கீழும் மேலும் வாழும் இரண்டு குடும்பங்களில் கீழ்வீட்டார் தாராவிக்காரராகவே இருப்பார்கள், மேல்வீட்டார் ஊர் மாறிப் போவார்கள். இத்தனை தேதிகளைக் குறித்த அரசு, அந்த மக்களிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை: உங்களுக்குச் சம்மதமா?

மும்பையின் மற்றக் குடிசைப் பகுதிகளில் பில்டர் உள்ளே வர வேண்டுமானால், குடியிருப்போரில் பாதிப் பேருக்கு மேல் கையெழுத்திட வேண்டும். முன்பு அது 70 சதவீதமாக இருந்தது. தாராவிக்கு அந்த விதி இல்லை. அரசே முன்னின்று நடத்தும் திட்டம் என்று விலக்கு அளித்துவிட்டார்கள். ஆனால் திட்டத்தை நடத்தும் நிறுவனத்தில் 80 சதவீதம் அதானி குழுமத்துக்கு, 20 சதவீதம்தான் அரசுக்கு. சம்மதம் கேட்க வேண்டிய இடத்தில் இது அரசுத் திட்டம். லாபம் பார்க்கும் இடத்தில் தனியார் திட்டம். 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு இறுதியான டெண்டரை எதிர்த்து, முந்தைய டெண்டரில் 2019-இல் 7,200 கோடி கேட்டிருந்த துபாய் நிறுவனம் வழக்குப் போட்டது. 2024 டிசம்பரில் மும்பை உயர்நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. டெண்டரைப் பற்றிய வழக்கு நீதிமன்றத்தின் வேலை. நம் கேள்வி அதற்கு முந்தையது: ஒரு நகரத்தில் அரசு எதற்கு இருக்கிறது?

அரசு ஒதுங்கி நின்றாலே மக்கள் தங்கள் வாழ்க்கையைப் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பும் லிபர்டேரியன் சிந்தனையாளர்களுக்குத் தாராவி செல்லப்பிள்ளை. திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள் இங்கே தோல் பதனிட்டார்கள். சௌராஷ்டிரத்திலிருந்து வந்தவர்கள் கும்பார்வாடாவில் பானை வனைந்தார்கள். மும்பை கழித்துக் கட்டிய பிளாஸ்டிக்கும் தகரமும் தேரா கம்பவுண்டில் மறுபடி சரக்காகின்றன. விடிவதற்குள் இங்கே வெந்த இட்லி சைக்கிளேறி நகரம் முழுக்கப் போகிறது. எந்தத் திட்டக் கமிஷனும் இதைத் திட்டமிடவில்லை. எந்த வங்கியும் முதலில் கடன் கொடுக்கவில்லை. சதுப்பு நிலத்தில் இடிபாடும் குப்பையும் கொட்டி மேடாக்கியதுகூட இந்த மக்கள்தான். லிபர்டேரியன்கள் தங்கள் குலகுருவாகக் கொண்டாடும் ஜான் லாக், ஒரு நிலத்தில் தன் உழைப்பைக் கலந்தவனுக்கே அந்த நிலம் சொந்தம் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே வாதாடியவர். அந்த வாதத்துக்குத் தாராவியைவிடப் பொருத்தமான சாட்சி கிடைப்பது அரிது.

இந்தத் தரப்பின் வாதத்தில் உண்மை கணிசமாக இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. மும்பையில் குடிசை பெருகியது அரசு இல்லாததால் மட்டுமல்ல, இருக்கக் கூடாத இடத்தில் அது இருந்ததாலும்தான். 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், வாடகையை 1940-ஆம் ஆண்டின் அளவிலேயே உறைய வைத்தது. போர்க்கால நெருக்கடிக்கு அது நியாயம். ஆனால் பத்து, இருபது, ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் அதை யாரும் அசைக்கவில்லை. வாடகை வருமானம் ஓட்டை அடைக்கவும் போதாதபோது வீட்டுக்காரர் பழுது பார்ப்பதை விட்டார். புதிதாக வாடகைக்குக் கட்டுவதையும் விட்டார். கைமாறும் பணம் கணக்கில் வராத பக்டி என்ற முன்பணத்துக்குள் மறைந்தது. கட்டடங்கள் இடிந்து விழத் தொடங்கியதும், அவற்றைச் சீரமைக்க அரசு 1969-இல் தனியாக ஒரு வாரியம் வைத்து, அதற்கு ஒரு வரியும் போட்டது. 1997-இல் உச்சநீதிமன்றமே இந்த உறைநிலை நியாயமற்றதாகிவிட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது. இடையில் 1976-இன் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் வேறு. ஏழைக்கு வீடு என்று சொல்லி வந்த அந்தச் சட்டத்தால் நிலங்கள் வழக்குகளில் சிக்கிக் கிடந்ததுதான் மிச்சம். மகாராஷ்டிரம் அதைக் கைவிட 2007 வரை ஆயிற்று. வாடகைக்குச் சால் அறைகூடக் கிடைக்காத புதுக் குடியேறி எங்கே போவார்? தாராவிக்குப் போனார்.

இதையெல்லாம் முன்கூட்டியே எச்சரித்தவர்கள் இருந்தார்கள். 1959-இல் தன் எண்பதாவது வயதில் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். மும்பையின் மினு மசானி அதன் மூளைகளில் ஒருவர். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று ராஜாஜி அன்றைய ஆட்சிமுறைக்கு வைத்த பெயர் இன்றும் வழக்கில் நிற்கிறது. 1967-இல் மக்களவையில் 44 இடங்களைப் பிடித்த கட்சி, 1974-இல் வேறொரு கட்சியில் கரைந்தது. அதை மறுபடி பதிவு செய்ய முயன்றவர்களுக்கு ஒரு விசித்திரமான சுவர் நின்றது: பதிவு பெற விரும்பும் எந்தக் கட்சியும் சோஷலிசத்துக்கு விசுவாசம் தெரிவிக்க வேண்டும் என்று 1989 முதல் சட்டம் சொல்கிறது. எல்லாக் கட்சிகளும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டுத் தங்கள் வியாபாரத்தைப் பார்க்கின்றன.

சுதந்திராக் கட்சி உயிராய்ப் பிடித்திருந்த சொத்துரிமை, 1978-இன் 44-ஆவது திருத்தத்தில் அடிப்படை உரிமை என்ற இடத்தை இழந்தது. ஜமீன்களையும் ஆலைகளையும் நினைத்துச் செய்த மாற்றம் அது. இன்று அதன் அடி விழுவது யார் மேல் என்று தாராவியில் வந்து பார்க்கலாம்.

இவ்வளவும் ஒத்துக்கொண்ட பிறகும், அரசு வெறுமனே விலகிப்போவதுதான் மருந்து என்பதை நாம் ஏற்க மாட்டோம். அரசு விலகினால் என்ன வரும் என்பதை இந்த வட்டாரம் கண்ணால் பார்த்திருக்கிறது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ராபர்ட் நோஸிக், லிபர்டேரியன்களின் வேதநூலாகிவிட்ட தன் புத்தகத்தை 1974-இல் வெளியிட்டார். அரசே இல்லாத ஊரில் மக்கள் காசு கொடுத்துப் பாதுகாப்பு நிறுவனங்களை அமர்த்துவார்கள், அவற்றில் ஒன்று மற்றவற்றை வென்று மெல்ல ஒரு சிறிய, நியாயமான அரசாகும் என்பது அதில் அவர் கட்டிய சித்திரம். அதே ஆண்டுகளில் மாட்டுங்கா, சயான், தாராவி பக்கம் நிழலுலகத் தலைவர் வரதராஜ முதலியார் அந்தப் பரிசோதனையை நடத்திக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குழாய், ரேஷன் கார்டு, குடிசைக்கு இடம், பஞ்சாயத்துத் தீர்ப்பு எல்லாம் வரதா பாயிடம் கிடைத்தன. கள்ளச்சாராயமும் கடத்தலும் அதே கையிலிருந்துதான் வந்தன. எளிய தமிழருக்கு அவர் செய்த உதவிகளை இன்றும் நன்றியோடு சொல்பவர்கள் உண்டு. அந்த நன்றியைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவருடைய தீர்ப்பின் மேல் அப்பீல் கிடையாது. நோஸிக்கின் நிறுவனம் இங்கே அரசாக மாறவில்லை. எண்பதுகளில் போலீஸ் நெருக்கியதும் கலைந்துபோனது. தண்ணீருக்கு மறுபடி வரிசை.

இன்னும் அருகில் ஒரு சாட்சி இருக்கிறது. ரயில் பாதையைத் தாண்டினால் மாட்டுங்கா. ஐந்து தோட்டங்கள், மரம் கவிந்த அகலச் சாலைகள், கிங்ஸ் சர்க்கிள், எஸ்.ஐ.இ.எஸ். பள்ளி. தமிழ் நடுத்தர வர்க்கம் சொந்தச் சாதனையாக நினைத்துக்கொள்ளும் மாட்டுங்கா தானாக முளைத்ததல்ல. 1896-இல் பிளேக் வந்து நகரம் செத்துக்கொண்டிருந்தபோது, 1898-இல் சட்டம் போட்டு அமைத்த பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட், நிலம் எடுத்து, சாக்கடை வெட்டி, சாலை போட்டு, மனைகளைக் குத்தகைக்குக் கொடுத்து உருவாக்கிய ஊர் அது. அதே டிரஸ்ட், நகரின் வேறு பக்கங்களில் ஏழைகளின் வீடுகளைக் கட்டியதைவிட அதிகமாக இடித்தது என்பதும் வரலாறு. ஆனால் மாட்டுங்காவில் அது செய்த வேலையின் வரிசை கவனிக்கத்தக்கது: பூமிக்கடியில் குழாய், மேலே சாலை, கையில் பத்திரம். வீட்டை யார் கட்டுவது, எத்தனை அறை வைப்பது என்பதைப் பெரும்பாலும் குடிவருபவர்களிடம் விட்டது.

தாராவிக்கு இந்த மூன்றும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. 1976-இல் கணக்கெடுத்து ஃபோட்டோபாஸ் கொடுத்தார்கள், பத்திரம் கொடுக்கவில்லை. 1985-இல் ராஜீவ் காந்தி மும்பைக்கு ஒதுக்கிய நூறு கோடியில் ஒரு பங்கு வந்தது. கொஞ்சம் கட்டினார்கள், மிச்சம் நின்றது. அதே ஆண்டு, நடைபாதைவாசிகளை அகற்றுவதை எதிர்த்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்சநீதிமன்றம், பிழைப்பு என்பதும் வாழும் உரிமையில் அடங்கும் என்றது. ஆனால் நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. 1995-இல் நாற்பது லட்சம் பேருக்கு இலவச வீடு என்ற வாக்குறுதியோடு குடிசை மறுவாழ்வு ஆணையமான எஸ்.ஆர்.ஏ. வந்தது. முப்பது ஆண்டுகளில் அந்த இலக்கின் பாதியைக்கூட எட்டவில்லை. குறித்த தேதிக்குப் பின் வந்த குடிசைக்குத் தண்ணீர் இணைப்பு இல்லை என்று விதி வைத்திருந்தார்கள். குடிசை சட்டவிரோதமானாலும் தாகம் சட்டவிரோதமல்ல என்ற நிலையை எடுக்க 2014-இல் மும்பை உயர்நீதிமன்றம் தேவைப்பட்டது.

அரசு தன் வேலையைச் செய்தால் எப்படி இருக்கும் என்பதையும் தாராவிதான் காட்டியது. 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி அங்கே முதல் கொரோனா நோயாளி. இனிச் சுடுகாடுதான் என்று பலர் எழுதினார்கள். மாநகராட்சி உள்ளூர்த் தனியார் மருத்துவர்களைச் சேர்த்துக்கொண்டு, வீடு வீடாகக் காய்ச்சல் பார்த்து, பள்ளிகளைத் தனிமைப்படுத்தும் இடங்களாக்கியது. ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் பெயர் சொல்லிப் பாராட்டியது. எந்தச் சந்தையும் அதைச் செய்திருக்காது. அதைச் செய்ய ஒருவரையும் தாராவியை விட்டு வெளியேற்ற வேண்டியும் இருக்கவில்லை.

இப்போதைய திட்டத்தை ஆதரிப்பவர்கள் இதைத் தனியார் முயற்சியின் வெற்றி என்கிறார்கள். எந்த அளவுகோலில்? நிலம் பெரும்பாலும் பொது நிலம். மாட்டுங்கா, மாஹிம் பக்கத்து ரயில்வே நிலம் சுமார் 45 ஏக்கர் சேர்ந்திருக்கிறது. முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்க் பக்கம் 255 ஏக்கருக்கு மேல் உப்பள நிலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மும்பையில் வேறெங்கும் கட்டும் பில்டர் டி.டி.ஆர். என்ற கைமாற்றத்தக்க கட்டுமான உரிமையை வாங்க வேண்டுமானால் முதல் 40 சதவீதத்தைத் தாராவியிலிருந்தே வாங்க வேண்டும் என்று 2023 நவம்பரில் உத்தரவே போட்டார்கள். வாங்குபவன் கட்டாயத்தில் வாங்குகிறான், குடியிருப்பவன் கேட்கப்படாமல் நகர்கிறான். இதைச் சந்தை என்று சொன்னால் ராஜாஜி சிரித்திருப்பார். அவர் எதிர்த்த லைசென்ஸ் ராஜ்யத்தின் பேரப்பிள்ளை இது. சொத்துரிமை பேசும் நம் ஊர் லிபர்டேரியன்கள் இந்த ஒரு விஷயத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வது ஏன் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வெளியே அனுப்பப்படுபவர்களுக்குக் குறித்திருக்கும் இடங்களில் ஒன்று, செம்பூரை ஒட்டிய தேவனார் குப்பைமேட்டில் 124 ஏக்கர். 1927 முதல் நகரத்தின் குப்பை குவியும் இடம். 2016-இல் நாள்கணக்கில் எரிந்தது. குப்பையை அகற்ற மாநகராட்சி 2,000 கோடி ரூபாய்க்கு மேல் டெண்டர் விட்டிருக்கிறது. 1971-இல் இறைச்சிக்கூடம் பாந்த்ராவிலிருந்து தேவனாருக்குப் போனபோது தாராவித் தோல் தொழில் தடுமாறியது; இப்போது தொழிலாளிகளையே அங்கே அனுப்பப் பார்க்கிறார்கள். செம்பூர்க்காரர்களுக்கு மாஹுலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தான்சா குடிநீர்க் குழாயோரம் இருந்தவர்களை 2017-இல் அங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் நிழலில் கொண்டுபோய் வைத்தார்கள். 2019-இல் உயர்நீதிமன்றம் தலையிட்டு, அங்கே வாழ முடியாதவர்களுக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

அவர்களுடைய நிலமே அல்லவே என்று ஒரு பதில் வரும். சட்டப்படி சரி. ஆனால் ஃபோட்டோபாஸ் கொடுத்து, மின் இணைப்பு கொடுத்து, வாக்குச்சீட்டு வாங்கி, கட்டணம் வசூலித்த அரசு, ஐம்பது ஆண்டு கழித்து உங்களை எனக்குத் தெரியாது என்று சொல்வது நேர்மையல்ல. வேறு வழி நாட்டிலேயே இருக்கிறது. மத்தியப் பிரதேசம் 1984-லேயே நகரக் குடிசைகளுக்குப் பட்டா தரச் சட்டம் செய்தது. ஒடிஷா 2017-இல் சட்டம் போட்டு, குடிசைவாசிகளுக்கு வாரிசுரிமையோடு நில உரிமை கொடுத்தது. விற்க முடியாது, அடமானம் வைக்கலாம். மும்பை நிலத்தின் விலையும் நெருக்கமும் வேறு என்பது உண்மை. குடிசையின் சொந்தக்காரருக்கு மட்டும் உரிமை கொடுத்தால், வாடகைக்கு இருப்பவர் தெருவில் நிற்பார் என்பதும் உண்மை. பட்டா என்ற ஒரே சொல்லில் இந்தச் சிக்கல் தீராது. ஆகவே இருவருக்கும் பேச்சுவார்த்தையில் இடம் வேண்டும். கூட்டுறவுச் சங்கமாக நிலத்தை அவர்கள் பெயரில் எழுதிவைத்தால், பில்டரிடம் பேரம் பேசுவதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். தோலும் தகரமும் விற்றுப் பிழைத்தவர்களுக்குப் பேரம் கற்றுத்தர வேண்டியதில்லை.

மகாராஷ்டிர அரசிடம் நாம் கேட்பது இவைதான். திட்டத்துக்கான கணக்கெடுப்பின் முழுப் பட்டியலையும், யார் எந்தக் காரணத்துக்காக விலக்கப்பட்டார் என்பதோடு, தமிழ் உட்பட அந்த மக்கள் படிக்கும் மொழிகளில் தெருத்தெருவாக ஒட்ட வேண்டும். மாடிவீட்டாரையும் பட்டறைக்காரரையும் தேதி பார்க்காமல் தாராவிக்குள்ளேயே குடியமர்த்த வேண்டும். சம்மத விலக்கை ரத்து செய்து, பகுதிவாரியாக ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். பாதிக்கு மேல் ஆதரவு இல்லாத பகுதியில் இடிப்பு கூடாது. அந்த வாக்கெடுப்பு முடியும்வரை, தேவனாருக்கோ முலுண்டுக்கோ ஒரு குடும்பத்தைக்கூட லாரி ஏற்றும் உரிமை இந்த அரசுக்குக் கிடையாது.