எந்த ஆண்டின் லாரி?

பழைய ராணுவ லாரியை மீட்டமைத்து முடித்தவரிடம் பார்வையாளர் கேட்பது, என்ஜின் ஓடுகிறதா என்று. தொழில் தெரிந்தவர் கேட்கவேண்டிய கேள்வி வேறு: இது எந்த ஆண்டின் லாரி? வண்டி தயாரான ஆண்டு தகட்டிலேயே இருக்கும். எந்த ஆண்டில் அது இருந்த கோலத்தை இப்போது நமக்குக் காட்டுகிறீர்கள் என்பதே கேள்வி. இதற்குப் பதில் சொல்ல முடியாத நிலையில் மாட்டப்படும் விளக்கும் கேனும் மண்வெட்டியும் தோரணம்தான்.

கண்காட்சி வரிசைகளில் இப்படிப்பட்ட கோலத்தை அடிக்கடி பார்க்கிறோம். கேபின் 1942ஆம் ஆண்டுக்குரியது. பக்கத்தில் தொங்கும் கேன் அமெரிக்கப் படையுடையது. பம்பரில் எழுதிய அம்புக்குறி எண் சுதந்திர இந்திய ராணுவத்தின் முறை. மேலே பளபளப்பது போன மாதம் கடையில் கலந்து வாங்கிய பச்சை. தனித்தனியே பார்த்தால் கேபினும் கேனும் அசல் சரக்கு. ஒன்றாகச் சேர்ந்து நிற்கும் அந்த லாரி மட்டும் எந்தப் படையிலும் எந்த நாளிலும் இருந்ததில்லை.

நம் கடலூர், சிதம்பரம் வட்டாரத்துக்குப் போர்க்கால வண்டி அந்நியமல்ல. இரண்டாம் உலகப் போரின்போது உளுந்தூர்பேட்டையில் விமானத்தளம் எழுந்தது. அன்று அந்த ஊர், கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தபின் சோழமண்டலக் கரை முழுவதும் கதிகலங்கிக் கிடந்தது. அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு வந்த ராணுவ வாகனங்களில் முக்கியமானவை கனடிய ராணுவ வடிவ லாரிகள். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கனடாவில் நான்கு லட்சத்துக்கும் மேல் செய்து அனுப்பியவை. பிரிட்டிஷ் படையின் தேவைக்கேற்ப வலப்பக்க ஸ்டியரிங். உள்ளே ஃபோர்டின் வி8 அல்லது செவர்லேயின் ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். போர் ஓய்ந்ததும் இவை ‘மிலிட்டரி டிஸ்போசல்’ என்ற பெயரில் ஏலத்துக்கு வந்து, கூண்டு மாறிச் சரக்கு லாரியாகவும் பஸ்ஸாகவும் ஓடின. அடுத்த தலைமுறை, ஜெர்மனியின் மேன் நிறுவன உரிமத்தோடு 1959இல் ஜபல்பூரில் தொடங்கிய சக்திமான். அதன்பின் நிஸான் ஒரு டன் வண்டியும் ஜோங்காவும். இன்று பட்டறைக்கு வருபவை பெரும்பாலும் ராணுவம் கழித்து, மின் ஏலத்தில் கைமாறிய இந்த இரண்டாம் தலைமுறைதான். ஆனாலும் காயலான் கடையில் கிடக்கும் ஒரு பழைய முன்பக்கத் தகடு உங்களை 1942க்கே இழுத்துச் செல்லலாம்.

எனவே கழுவுவதற்கு முன்பே விசாரணை தொடங்கவேண்டும். கனடிய லாரியில் பெயர்க் குறியே பாதி ஜாதகத்தைச் சொல்லிவிடும்: எஃப் என்றால் ஃபோர்டு, சி என்றால் செவர்லே, 15, 30, 60 என்பவை ஹண்ட்ரட்வெயிட் கணக்கில் சுமை, 15ஐ அடுத்து ஏ என்ற எழுத்து வந்தால் நான்கு சக்கர இயக்கம். கேபினின் கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்து உட்பக்கம் மடங்கியிருந்தால் அது 13ஆம் எண் கேபின். வெயில் பட்டு மின்னி விமானத்துக்கு இடம் காட்டிவிடக்கூடாது என்பதற்காக அமைந்த சாய்வு அது. 1941இன் இறுதியிலிருந்துதான் வந்தது. 1940ஆம் ஆண்டுத் தகடு அந்தக் கேபினில் அடித்திருந்தால், தகடோ கேபினோ இரண்டில் ஒன்று வேறு வண்டியிலிருந்து வந்திருக்கிறது. உதிரிகளில் சி என்ற எழுத்துக்குள் அம்புக்குறி பொறித்திருந்தால் கனடிய அரசுச் சொத்து. அம்புக்குறி மட்டும் என்றால் பிரிட்டிஷ் வழி.

பொறிப்பு தேய்ந்த இடத்தில் மரை பேசும். கனடிய வண்டியில் அமெரிக்க அங்குல மரை. பிரிட்டிஷ் வண்டிகளில் விட்வொர்த், பி.எஸ்.எஃப். வகை பரவலாக உண்டு. சக்திமானிலும் ஜோங்காவிலும் மெட்ரிக். இதில் ஒரு பொறி இருக்கிறது. 3/8 அங்குல போல்ட்டில் விட்வொர்த்துக்கும் அமெரிக்கப் பெருமரைக்கும் அங்குலத்துக்கு 16 சுற்றுதான். ஒன்றுக்கு மற்றொன்று ஏறியே தீரும். சாய்வுக் கோணம் மட்டும் ஒன்றில் 55 பாகை, மற்றதில் 60. அரை அங்குலத்துக்கு வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: விட்வொர்த் 12, அமெரிக்கம் 13. ஒரு விளக்குத் தாங்கியைப் பிடித்திருக்கும் போல்ட் மட்டும் சுற்றியுள்ளவற்றுக்கு அந்நியமாக இருந்தால், அந்த விளக்கு பின்னால் வந்து சேர்ந்தது என்று சந்தேகிக்க அதுவே போதும். மரைமானி ஒன்று வாங்கும் காசு, போலித் துணைப்பொருள் ஒன்றுக்குக் கொடுக்கும் காசில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

அடுத்த சாட்சி பெயிண்ட். இருக்கைக்கு அடியிலும் டேஷ்போர்டின் பின்புறத்திலும் தாங்கிகளின் கீழும் பழைய பூச்சு அழியாமல் இருக்கும். அங்கே உள்ளங்கை அகலத்தில் ஓரிடத்தை 400 நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி 1000 வரை மெல்லத் தேய்த்தால், அடுக்குகள் வளையம் வளையமாகத் தெரியும். பிரிட்டிஷ் படை 1944 ஏப்ரலில் பழுப்பை விட்டு எஸ்.சி.சி. 15 என்ற ஆலிவ் நிறத்துக்கு மாறியது. அந்த வளையங்களின் வரிசை, வண்டி எத்தனை முறை நிறம் மாறியது என்பதற்கும் சாட்சி. ஒரு தாங்கியைக் கழற்றும்போது அதன் அடியில் எத்தனை அடுக்கு இருக்கிறது என்று எண்ணுங்கள். வெறும் இரும்பு என்றால் பூச்சுக்கு முன்பே பொருத்தியது. சிவிலியன் நீலம் அடியில் தெரிந்தால், ராணுவத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

துணைப்பொருட்களுக்கு வருவோம். இருபது லிட்டர் ஜெர்ரி கேன்தான் அதிகம் ஏமாற்றுவது. 1937 வாக்கில் ஜெர்மன் படைக்காக வடிவமைத்த கேன் இது; மூன்று கைப்பிடி, பக்கங்களில் குறுக்கு அழுத்தம். பிரிட்டன் அதை அப்படியே நகலெடுத்தது: உள்ளடங்கிய வெல்டிங் தையல், நெம்பி மூடும் மூடி, டபிள்யூ.டி. எழுத்துகளும் அம்பும் ஆண்டும். அமெரிக்கக் கேனிலோ திருகு மூடியும் மடித்து உருட்டிய விளிம்பும் இருக்கும். பிரிட்டிஷ் நகல் பரவியது 1942க்குப் பிறகு. ஆகவே 1941 கோலத்துக்கு மீட்டமைத்த லாரியில் எந்த ஜெர்ரி கேனுக்கும் இடமில்லை. அங்கே தகர டின்தான் பொருந்தும்.

பலருக்குத் தெரியாமலே காயலான் கடைக்குப் போவது பின் அச்சுக்கு மேலே இருந்த சின்ன விளக்கு. இருட்டடிப்பு நேரத்தில் முன்விளக்குகளை மறைத்து ஓடிய வாகன வரிசையில், பின்னால் வரும் டிரைவருக்கு வழி காட்டியது இதுவே. டிஃபரன்ஷியல் ஹவுசிங்கில் வெள்ளை பூசி, அதன்மேல் மட்டும் இதன் வெளிச்சம் விழும்படி வைத்திருப்பார்கள். ஹவுசிங்கில் வெள்ளைப் பூச்சின் மிச்சம் கிடைத்தால் விளக்கு இருந்ததற்கு அதுவே அத்தாட்சி. முன்பக்கத்து மஞ்சள் வட்டத்தில் கறுப்பு எண் இருந்தால், அது பாலம் தாங்கும் வகுப்பு எண். மட்கார்டில் டி.பி. என்ற எழுத்துகளின் கீழ் இருக்கும் எண் டயர் காற்றழுத்தம். பிரிட்டிஷ் படையில் லாரி எண்ணுக்கு முன் எல் என்றும், 15 ஹண்ட்ரட்வெயிட் டிரக்குக்கு இசட் என்றும் வரும். நிமிர்ந்த அம்பு, வாங்கிய ஆண்டின் இரண்டு இலக்கம், பிறகு எழுத்து, எண் என்று வருவது இந்திய ராணுவத்தின் இன்றைய முறை. இரண்டையும் கலப்பது அலங்காரப் பிழை மட்டுமல்ல. அடுத்த ஆய்வாளரைத் திசைதிருப்பும் பொய்யும்கூட.

சில துணைப்பொருட்கள் ஆளையே முடித்துவிடும். பித்தளைப் பைரீன் தீயணைப்பானில் கார்பன் டெட்ராகுளோரைடு இன்னும் தங்கியிருக்கலாம். அதுவே நஞ்சு, சூட்டில் பாஸ்ஜீன் வாயுவாகவும் மாறும். குலுக்கிப் பார்க்காதீர்கள்; காலி என்று உறுதி செய்தபின்தான் மாட்டவேண்டும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, காற்றழுத்தத்தால் ஊதக்கூடாது. இரண்டு பாதிகளை போல்ட்டால் இணைத்த ரிம்மில், காற்று முழுதும் இறங்காமல் அந்த இணைப்பு நட்டில் ஸ்பேனர் வைத்தால் ரிம் பிளந்து பாயும். பிரிட்டிஷ் பட்டறைகள் அந்த நட்டுகளுக்குச் சிவப்பு அடித்ததற்குக் காரணம் அதுதான். மீட்டமைக்கும்போது அந்தச் சிவப்பை மறந்துவிடாதீர்கள்.

நம் கரையின் தனிச் சிக்கல் உப்பு. கடலூர் பழைய துறைமுகத்திலிருந்து பிச்சாவரம் வரை, ஆண்டு முழுவதும் ஈரமும் உப்பும் கலந்த காற்று. சேஸிஸின் பெட்டிக் குறுக்குச் சட்டங்களுக்குள்ளும், பட்டைகளுக்கு இடையிலும், தாங்கியின் மறைவிலும் உப்பு தங்கும். துருவைச் சுரண்டிவிட்டு உப்பை விட்டுவிட்டால் அடுத்த ஐப்பசிக்கே பூச்சு கொப்பளிக்கும். நன்னீரால் பலமுறை அலசி, உப்பு நீங்கியதா என்று சோதித்து, உடனே உலர்த்தி முதற்பூச்சு கொடுக்கவேண்டும். இரும்பின் வெப்பம் பனிநிலையைவிட 3 பாகை செல்சியஸாவது கூடுதலாக இருந்தால்தான் பெயிண்ட் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் காலை வேளை அதற்கு இடம்கொடுப்பதில்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று கடல்மணலை ஊதித் துரு நீக்குவது இரட்டைத் தவறு: உப்பை இரும்புக்குள்ளும் சிலிக்காத் தூசியை நுரையீரலுக்குள்ளும் ஏற்றும். மட்கார்டு போன்ற மெல்லிய தகடு அதில் நெளிந்தும் போகும்.

சட்டமும் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 121ஆம் விதிப்படி பாதுகாப்புத் துறைக்குரிய வாகனம் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை பூசக்கூடாது. ஆய்வில் கண்ட அசல் நிறம் அதுவே என்றாலும் தனியார் வண்டி அந்த நிறத்தோடு சாலையில் ஓடமுடியாது. அசல் அடுக்கை ஓரிடத்தில் அப்படியே விட்டு, படமும் நிற மாதிரியும் சேமித்து, மேலே அனுமதிக்கப்பட்ட நிறம் கொடுப்பதே நேர்மையான வழி. 2021 ஜூலையில் வந்த பழமை வாகன விதிகள், ஐம்பது ஆண்டு கடந்து, சேஸிஸும் பாடியும் என்ஜினும் பெரிதாக மாறாத இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்கு ‘விஏ’ எழுத்துள்ள எண் தருகின்றன. ஆனால் அவை வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல. சரக்கு வாகனமாகப் பதிவான லாரி வைத்திருப்பவர் வேலை தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேசிவிடுவது நல்லது.

கடைசியாக, நம்மில் பலருக்குப் பிடிக்காத ஒன்று. படையில் சில ஆண்டுகள் இருந்த லாரி, நம்மூரில் முப்பது ஆண்டு கரும்பும் மரமும் ஏற்றியிருந்தால், அதன் வரலாற்றில் பெரும்பங்கு எது? தச்சர் கட்டிய மரக் கேபினையும், கரும்புக்காக உயர்த்திய பக்கப் பலகையையும், பானெட்டில் எழுதிய சாமி பெயரையும் பிடுங்கி எறிந்துவிட்டு 1943ஐத் தேடுவது எல்லா வண்டிக்கும் பொருந்தாது. சிதம்பரத்துத் தேரில் நைந்த மரத்தை மாற்றினாலும் அது அதே தேர். ஆனியிலும் மார்கழியிலும் வீதியில் ஓடுவதே அதன் உயிர். ஓட்டம் ஓய்ந்து சாட்சியாக நிற்கும் லாரிக்கு அந்த நியாயம் செல்லாது. அதில் மாற்றும் ஒவ்வொரு பொருளும் ஒரு வாக்குமூலத்தைத் திருத்துகிறது. அசல் கிடைக்காத இடத்தில் தாங்கியைக் காலியாக விடுங்கள். ஊகத்தால் நிரப்பிய தாங்கி, அங்கே ஒன்று தொலைந்திருக்கிறது என்ற தகவலையும் சேர்த்துத் தொலைக்கிறது.

இதற்கான வசதிகள் நம் பக்கத்திலேயே உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பொருள் இணைப்பு ஆய்வு மையம் வெல்டிங் ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்றது. பழைய சேஸிஸ் எஃகில் எந்த எலக்ட்ரோடு பிடிக்கும் என்ற கேள்வியோடு பட்டறைக்காரர்கள் அங்கே படியேறவேண்டும். கழற்றிய துண்டுகளும் நிற மாதிரிகளும் மூட்டையில் மக்குவதைவிட, கடலூர் அரசு அருங்காட்சியகம் போன்ற இடத்தோடு பேசிப் பார்க்கலாம்.

இவ்விதழுக்கு மீட்டமைப்புக் கட்டுரை அனுப்புவோர் இனி ஒரு பட்டியலையும் இணைக்கவேண்டும். காட்டும் ஆண்டு எது என்று முதல் வரியில் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு துணைப்பொருளையும் மூன்றில் ஒன்றாகக் குறியுங்கள்: வண்டியோடு வந்தது, அதே காலத்ததாயினும் வேறிடத்தில் வாங்கியது, புதிதாகச் செய்தது. காலியாக விட்ட தாங்கிகளையும் எழுதுங்கள். பட்டியல் இல்லாத கட்டுரையை, படங்கள் எத்தனை அழகாக இருந்தாலும், வெளியிடமாட்டோம்.