மணிக்கூட்டுக்கு வால்வு, மனிசனுக்கு?



முதலே ஒப்புக்கொள்கிறேன்: எனக்கும் மணிக்கூட்டுப் பைத்தியம் உண்டு. பழைய சீக்கோ சுழியோடி மணிக்கூடு ஒன்று கையில் கிடக்கிறது. நான் நீச்சல் குளத்தைத் தாண்டினதில்லை. ஆகவே, சேகரிக்கிறது பிழை எண்டு சொல்ல வரேல்லை. சேகரிக்கிற நாங்கள் எந்தக் கதையைச் சொல்லுறம், எதை விடுறம் என்பதுதான் கேள்வி.

ரோலெக்ஸ் சேகரிப்பவர்களிடம் சீ-டுவெல்லருக்குத் தனி மரியாதை. ஆழ்கடல் சுழியோடிகள் நாட்கணக்கில் அழுத்த அறைக்குள் இருந்து ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசிப்பார்கள். அந்த ஹீலியம் மணிக்கூட்டுக்குள்ளும் புகுந்துவிடும். அழுத்தத்தைக் குறைக்கும்போது உள்ளே அகப்பட்ட வாயு கண்ணாடியையே கழற்றிவிடும். அது வெளியேற, பக்கவாட்டில் ஒருவழி வால்வு வைத்து 1967இல் ரோலெக்ஸ் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. 1970களில் மார்செய் நகரின் கோமெக்ஸ் நிறுவனச் சுழியோடிகளுக்கு ரோலெக்ஸ் மணிக்கூடுகள் வழங்கப்பட்டன. முகப்பில் 'கோமெக்ஸ்' எண்டு அச்சடித்த அந்த வேலை மணிக்கூடுகள் இண்டைக்கு ஏலத்தில் பல மடங்கு விலை போகின்றன. கீறலை அழித்து மினுக்கினால் பெறுமதி குறையும். கடலுக்குள் போனதுக்கு அந்தக் கீறல்தானே சாட்சி.

சரி, அதே வாயு மனிசன்ரை உடம்புக்குள்ளயும் போகுதுதானே? உடம்புக்கு வால்வு இல்லை. அழுத்தத்தை மெதுவாகத்தான் குறைக்க வேண்டும். எவ்வளவு மெதுவாக என்பதை ஒரு அட்டவணை சொல்லும். வடகடலின் நோர்வேப் பகுதியில் சுழியோடி நிறுவனங்கள் அந்த அட்டவணைகளை வியாபார இரகசியமாக வைத்திருந்தன. அட்டவணை வேகமானால் வேலை கெதியாய் முடியும், போட்டியில் முந்தலாம்.

1965க்கும் 1990க்கும் இடையில் அங்கே வேலை செய்து உடம்பு கெட்ட சுழியோடிகள் சிலர் நோர்வே அரசுக்கு எதிராக வழக்காடினார்கள். 2013 டிசம்பர் 5ஆம் திகதி ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அந்த அட்டவணைகளின் ஆபத்தை எடைபோடத் தேவையான தகவல் அவர்களுக்குக் கிடைப்பதை அரசு உறுதிசெய்யவில்லை.

மணிக்கூட்டு வால்வு எப்படி வேலை செய்யுது எண்டு காப்புரிமைப் பத்திரத்தில் யாரும் வாசிக்கலாம். மனிசனை எவ்வளவு நேரத்தில் மேலே எடுக்கிறது என்பது மட்டும் இரகசியமாக இருந்தது. மணிக்கூட்டின் கீறலுக்கு ஏலத்தில் விலை. உடம்பின் காயத்தை நிரூபிக்க நீதிமன்றப் படி ஏறவேணும்.

இதில் நோர்வேயில் இருக்கிற எங்களுக்கு என்ன? எங்கட பிள்ளைகள் படிக்கிற, எங்கட பெற்றார் மருந்தெடுக்கிற இந்த நலன்புரி அரசு அந்த எண்ணெய்க் காசிலும் நிற்குது. அதோட, பின்மார்க்கில் மீன் வெட்டின என்ர சித்தப்பாவுக்கு, பதினைஞ்சு வருசத்தில் தோள்மூட்டு என்னாகும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. நோ வந்த பிறகுதான் தெரிஞ்சது.

மணிக்கூட்டைக் கழட்டி எறியச் சொல்லேல்லை. அடுத்த முறை யாராவது வால்வின்ரை பெருமையைச் சொன்னால், சுழியோடியின்ரை கதையையும் சேர்த்துச் சொல்லுங்கோ. உங்கட வேலையிடத்தில் கையாளுற இரசாயனத்தின்ரை, தூக்குற பாரத்தின்ரை ஆபத்து என்ன எண்டு எழுத்தில் கேளுங்கோ. தனியக் கேட்கப் பயமெண்டால் தொழிற்சங்கம் மூலம் கேளுங்கோ. அது எங்கட உரிமை.

தோழமையுடன்.