டர்போ எஞ்சின்: விசையைக் கூட்டுவதா, காப்பதா?

வேலந்தாவளம் எல்லையைக் கடந்து, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வழியாக நெல்லியாம்பதி மலையேறும் கார்களில் இன்று டர்போ எஞ்சின்கள் மிகுதி. சிறிய எஞ்சினில் பெரிய ஆற்றல் கிடைப்பதே அவற்றின் கவர்ச்சி. அதிலும் நிறைவுறாமல், எஞ்சினை ஆளும் கணினியின் நிரலை 'ரீமேப்' செய்து விசையைக் கூட்ட விழைவோரும் உண்டு. அப்பணத்தைப் பராமரிப்புக்குச் செலவிடுவதே அறிவுடைமை என்பேன்.

வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துவது டர்போ. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேலும் சுழலும் அதன் தண்டைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலமே. ஆகவே, கையேடு குறிப்பிடும் எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுதல் வேண்டும். காற்று வடிகட்டியைத் தூய்மையாக வைத்தல் வேண்டும். மலையேறி நின்றவுடன் எஞ்சினை அணைக்காமல், ஒரு நிமிடம் ஓடவிட வேண்டும். இல்லையேல் டர்போவில் தேங்கிய எண்ணெய் சூட்டில் கரியாகிப் பாதையை அடைக்கும். ரீமேப் அச்சூட்டையும் அழுத்தத்தையும் மேலும் கூட்டுகிறது.

சட்டத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் வரையறைக்கு முரணாகும்படி வாகனத்தை மாற்றுவதை, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. கேரளத்து வழக்கொன்றில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. மாற்றத்தை மறைத்தால் உத்தரவாதமும் காப்பீட்டுத் தொகையும் கைநழுவக்கூடும். மாதத் தவணையோ நிற்காது.

கடன் தீரும்வரை கார் வங்கிக்கு ஈடு. தீர்ந்தபின் நம் சேமிப்பு. இருநிலையிலும் அதன் மதிப்பைக் காப்பது, காலத்தில் மாற்றிய எண்ணெயே.