பிடித்த பாடகரின் பதிவுகளைப் பட்டியல் போடுவது வெட்டி வேலையா? காஞ்சிபுரம் சொல்லும் பதில்

"எல்லாப் பாட்டும் போன்லயே இருக்கு, இதுல லிஸ்ட் எதுக்கு?"

பிடித்த பாடகரின் பதிவுகளைத் தேடித் தேடி எக்ஸெல் ஷீட்டில் ஏற்றும் ரசிகர்கள் எல்லாருமே வீட்டில் ஒருமுறையாவது இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். ராக் இசை ரசிகர்கள் மத்தியில் இது பழைய பழக்கம். பீட்டில்ஸ் குழு பிரிந்த பிறகு ஜார்ஜ் ஹாரிசன் தனியாக என்னென்ன பாடினார், எந்தத் தேதியில் பதிவு செய்தார், கிடார் யார், டிரம்ஸ் யார் என்று தேதி வாரியாக எழுதி வைப்பவர்கள் இன்றைக்கும் உலகம் முழுக்க இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வேலையில்லாதவர்கள் செய்கிற வேலையாகத் தெரியும்.

உண்மையில் இது வெட்டி வேலை இல்லை. இசை வரலாற்றில் கம்பெனிகளும் அரசும் பெரும்பாலும் விட்டுவிட்ட ஒரு வேலையை ரசிகர்கள்தான் செய்து வருகிறார்கள். அதைச் சரியாகச் செய்கிறார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நம் பக்கத்து உதாரணத்துக்குக் காஞ்சிபுரம் போவோம்.

ஒரே ஊர், மூன்று பேர்

பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர் போன காஞ்சிபுரத்துக்குச் சங்கீதத்திலும் பெரிய பெயர் உண்டு. இந்த ஊர்க்காரர்கள் மூன்று பேரை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாமவர் காஞ்சிபுரம் தனகோடி அம்மாள். கிராமபோன் இந்தியாவுக்கு வந்த தொடக்க காலத்திலேயே இசைத்தட்டில் பாடியவர்களில் ஒருவர்.

இரண்டாமவர், தனகோடி அம்மாளின் சகோதரி காமாட்சி அம்மாளின் மகன் நயினாப் பிள்ளை (1889–1934). லய வேலைப்பாட்டுக்குப் பேர் போனவர். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று தாள வாத்தியங்கள் புடைசூழ அவர் செய்த கச்சேரிகளை 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்றே சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவரின் குரல் இன்றைக்கு ஒரு நொடி கூடக் கேட்கக் கிடைக்காது. இசைத்தட்டில் பாட அவர் சம்மதிக்கவே இல்லை என்பதுதான் சங்கீத உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

மூன்றாமவர் தாமல் கிருஷ்ணசாமி பட்டம்மாள் (1919–2009). நமக்கெல்லாம் டி.கே.பட்டம்மாள். சிறுமியாக நயினாப் பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவர். கச்சேரி மேடையில் பெண்கள் ராகம் தானம் பல்லவி பாடுவதே வழக்கமில்லாத காலத்தில் அதைப் பாடிக் காட்டி 'பல்லவி பட்டம்மாள்' என்று பெயர் வாங்கியவர். 1970-ல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அரக்குத் தட்டு, எல்பி, கேசட், சிடி, சினிமா, ரேடியோ என்று அவர் குரல் பதிவாகாத வடிவமே இல்லை எனலாம்.

ஆக, முதல் தலைமுறை தட்டில் பாடியது. அடுத்த தலைமுறை மறுத்தது. அதற்கடுத்த தலைமுறை எல்லா வடிவத்திலும் பாடியது. ஒரு ரசிகரின் பட்டியல் எங்கெல்லாம் தடுமாறும் என்பதைப் புரிந்துகொள்ள இந்த மூன்று பேரே போதும்.

சிக்கல் 1: 'தனிப் பதிவு' என்றால் என்ன?

கேட்க எளிதான கேள்விதான். ஆனால் ஹாரிசன் ரசிகர்களே இதில் அடித்துக்கொள்வார்கள். 1968-ல் வந்த 'வொண்டர்வால் மியூசிக்' ஒரு பீட்டில் பெயரில் வெளிவந்த முதல் தனி ஆல்பம். அதன் ஒரு பகுதி பம்பாயில் உள்ள எச்.எம்.வி. ஸ்டுடியோவில் நம் இசைக் கலைஞர்களை வைத்துப் பதிவானது. இசை ஹாரிசனுடையது. ஆனால் அதில் அவர் பாடவே இல்லை. அப்படியென்றால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பட்டம்மாள் விஷயத்திலும் இதே கதைதான். தனியாகப் பாடிய தட்டு ஒரு வகை. தம்பி டி.கே.ஜெயராமனோடு சேர்ந்து பாடியது இன்னொரு வகை. சினிமாவுக்குப் பாடியது மூன்றாவது. ரேடியோவிலும் சபாக்களிலும் பாடியதை யாரோ டேப்பில் பிடித்து வைத்தது நான்காவது. நான்கையும் ஒரே குவியலாகக் கொட்டிவிட்டு "மொத்தம் இத்தனை பாட்டு" என்று ஒரு எண்ணைச் சொன்னால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. முதலில் வகை, பிறகு எண்ணிக்கை. அந்த வகையை எப்படிப் பிரித்தோம் என்பதையும் பட்டியலின் மேலேயே எழுதிவிட வேண்டும்.

சிக்கல் 2: ஒரு பாட்டு, ஐந்து வேஷம்

அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று, மூன்றரை நிமிடம்தான் பாட முடியும். அப்படிப் பதிவான ஒரு கீர்த்தனை பிறகு எல்பியில் வரும், கேசட்டில் வரும், சிடியில் வரும், கடைசியில் ஆப்பில் வரும். பார்ப்பவர் ஐந்து பதிவு என்று எழுதிவிடுவார். பதிவு ஒன்றுதான், வெளியீடுதான் ஐந்து.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஒரே கீர்த்தனையை முப்பது வயதில் ஒருமுறை, அறுபது வயதில் ஒருமுறை பாடியிருப்பார். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்து ஒன்றை அழித்துவிடுவோம்.

ஆப் இதில் உதவாது. அது காட்டும் ஆண்டு பல நேரம் டிஜிட்டலில் ஏற்றிய ஆண்டுதான். ஆங்கில எழுத்தில் ஒரு பாடகரின் பெயர் நாலு விதமாக இருந்தால் ஆப்புக்கு அவர் நாலு பேர்.

இதைத் தீர்க்கப் பழைய தட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. லேபிளில் அச்சிட்டிருப்பது விற்பனைக்கான தட்டு எண். லேபிளுக்குப் பக்கத்தில், பள்ளம் முடிகிற இடத்தில், உற்றுப் பார்த்தால் தெரிகிற மாதிரி இன்னொரு எண் பொறித்திருக்கும். அதுதான் மேட்ரிக்ஸ் எண். எந்தப் பதிவிலிருந்து இந்தத் தட்டு அச்சானது என்பதைச் சொல்வது அதுதான். ஒரு பதிவின் ஆதார் எண் என்று வைத்துக்கொள்ளலாம். தட்டைக் கையில் எடுப்பவர்கள் லேபிளை மட்டும் போட்டோ எடுத்து நிறுத்திவிடக் கூடாது. அந்த ஓரத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

சிக்கல் 3: யார் வாசித்தது?

பட்டியலில் பெரும்பாலானவர்கள் காலியாக விடும் கட்டம் பக்கவாத்தியம். பல பழைய தட்டுகளின் லேபிளில் பாடியவர் பெயர் மட்டும்தான் இருக்கும். வயலின் யார், மிருதங்கம் யார் என்பது இருக்காது.

"அது அவ்வளவு முக்கியமா?" என்று கேட்கலாம். முக்கியம்தான். பாலக்காடு மணி அய்யர் பெண் பாடகர்களுக்கு வாசிப்பதில்லை என்று இருந்தவர். அந்த வழக்கத்தை மாற்றிக்கொண்டு பட்டம்மாளுக்கு வாசித்தார். ஒரு டேப்பில் கேட்கும் மிருதங்கம் மணி அய்யருடையது என்று தெரிந்தால், அந்தக் கச்சேரி எந்தக் காலத்துக்கு உரியது என்று ஓரளவு ஊகிக்கலாம். கூடவே, மேடையில் பெண்களின் இடம் எப்படி மாறியது என்பதற்கும் அந்த டேப் ஒரு சாட்சி. கட்டம் காலியாக இருந்தால் அது வெறும் ஒரு பாட்டு, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். வாத்தியத்தை வைத்து ஆளை அடையாளம் சொல்லும் காதுகள் குறைந்துகொண்டே வருகின்றன. "இது அவர் வாசிப்புதான்" என்று சொல்லக்கூடிய பெரியவர்களிடம் இப்போது கேட்டு எழுதாவிட்டால் பிறகு கேட்க ஆள் இருக்காது.

தேதியைப் போட்டால் கதை தெரியும்

பட்டம்மாளின் சினிமாப் பாட்டுகளை மட்டும் ஆண்டு வாரியாக அடுக்கிப் பாருங்கள். 1939-ல் 'தியாகபூமி', பின்னால் ஆங்கிலேய அரசு தடை செய்த படம். 1947-ல் 'நாம் இருவர்', அதில் பாரதியார் பாட்டுகள். அடுத்து 1948-ல் 'வேதாள உலகம்', 1949-ல் 'வாழ்க்கை'. பிறகு நீண்ட இடைவெளி. 2000-ல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, இளையராஜா இசையில் 'ஹே ராம்'.

காதல் பாட்டு பாட மாட்டேன் என்று சினிமாவில் தேசபக்திப் பாட்டும் பக்திப் பாட்டும் மட்டுமே பாடியவர் அவர். பட்டியலைப் பார்த்தாலே அந்தப் பிடிவாதம் தெரிகிறது. விடுதலைக்கு முன்னும் பின்னுமாகப் பாட்டுகள் குவிந்து நிற்பதும் தெரிகிறது. யாரும் கட்டுரை எழுதிச் சொல்ல வேண்டியதில்லை, தேதிக் கட்டமே சொல்லிவிடும்.

ரசிகர்கள் செய்தால் செல்லுமா?

"ஆராய்ச்சியாளர்கள் பார்க்க வேண்டிய வேலை, நமக்கெதுக்கு?" என்பது அடுத்த கேள்வி. ஆனால் நடந்திருப்பது வேறு.

பீட்டில்ஸ் ரசிகராகத் தொடங்கிய மார்க் லூயிசன் 1988-ல் அக்குழுவின் ஸ்டுடியோ பதிவுகளை நாள் வாரியாகப் பட்டியலிட்டுப் புத்தகம் போட்டார். அதற்காக இ.எம்.ஐ. நிறுவனமே தன் டேப்புகளைத் திறந்துவிட்டது. இன்றைக்கும் சந்தேகம் வந்தால் எல்லாரும் புரட்டுவது அந்தப் புத்தகத்தைத்தான்.

இந்தியாவின் ஆரம்பகாலத் தட்டுகளுக்கு 1994-ல் விரிவான பட்டியல் நூல் கொண்டுவந்தவர் மைக்கேல் கின்னியர் என்ற ஆஸ்திரேலியர். மும்பையில் 1990-ல் தொடங்கிய இந்திய இசைத்தட்டு சேகரிப்பாளர் சங்கத்தை நடத்தியவர் சுரேஷ் சாந்த்வண்கர். அவர் தொழிலால் இயற்பியலாளர். நம் ஊரில் 'ஃபிலிம் நியூஸ்' ஆனந்தன் (மறைவு 2016) தமிழ்ப் படங்களின் விவரங்களை ஆர்வத்தில் சேர்க்கத் தொடங்கியவர். கடைசியில் அந்தத் தொகுப்பைத் தமிழ்நாடு அரசே விலை கொடுத்து வாங்கியது.

இவர்களில் யாரும் "இதைச் செய்யுங்கள்" என்று மேலிடத்து உத்தரவு வரும்வரை காத்திருக்கவில்லை. பிடித்திருந்தது, செய்தார்கள்.

சட்டப்படி பயப்பட வேண்டுமா என்றால், பட்டியல் போட யாருடைய அனுமதியும் தேவையில்லை. பாட்டின் பெயர், எண், தேதி எல்லாம் வெறும் தகவல். பாட்டையே இணையத்தில் ஏற்றுவதுதான் வேறு விஷயம். 1957-ம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் ஒலிப்பதிவுக்கு அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. அதில் உள்ள பாடலுக்கும் மெட்டுக்கும் தனிக் கணக்கு.

கடைசிக் கட்டம்: "எப்படித் தெரியும்?"

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை எடுக்கப் போகும் விவரமானவர்கள் கலரைப் பார்த்து மயங்கிவிட மாட்டார்கள். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தறி எது, கைத்தறிதானா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். பட்டியலுக்கும் அந்தக் கேள்வி வேண்டும். பாட்டு, ராகம், இயற்றியவர், கம்பெனி, தட்டு எண், மேட்ரிக்ஸ் எண், பதிவு தேதி, வெளியீட்டு தேதி, பக்கவாத்தியம் என்று எத்தனை கட்டம் போட்டாலும், கடைசியாக ஒரு கட்டம் கட்டாயம் தேவை: இது எப்படித் தெரியும்?

தட்டைக் கையில் எடுத்துப் பார்த்ததா? கம்பெனி விளம்பரத்தில் இருந்ததா? யாரோ சொன்னதா? மூன்றுக்கும் ஒரே மதிப்பு இல்லை. "ஊகம்" என்றால் "ஊகம்" என்றே எழுதலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி நிரப்புவதுதான் ஆபத்து. ஒருவர் போட்ட தப்பான ஆண்டை அடுத்தவர் காப்பி அடிப்பார், பத்துப் பேர் பகிர்வார்கள், பிறகு அதுவே 'வரலாறு' ஆகிவிடும்.

இந்தக் கட்டத்தின் அருமை நயினாப் பிள்ளையிடம் வரும்போது புரியும். காஞ்சிபுரத்துப் பாடகர்களுக்கு ஒரு பட்டியல் போட்டால் அவர் வரிசையில் எழுத எதுவும் இல்லை. அதற்காக அவரை விட்டுவிட முடியுமா? தட்டு இல்லாதவர்களை விட்டுவிட்டால், தட்டில் பாடியவர்கள் மட்டுமே பாடியதாக அடுத்த தலைமுறை நினைத்துக்கொள்ளும். விஸ்தாரமான பல்லவியும் தாளக் கட்டும்தான் அவருடைய பலம். மூன்றரை நிமிடத் தட்டில் அது அடங்கியிருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

எனவே அவர் பெயரை எழுதி, பதிவுக் கட்டத்தில் "இல்லை" என்று போட வேண்டும். பக்கத்திலேயே, அவரிடம் பாடம் கேட்ட சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் தட்டுகளைப் பார்க்கவும் என்று குறிப்பு எழுத வேண்டும். தேடி வருகிறவருக்கு அங்கிருந்து ஒரு வழி கிடைக்கும்.

அடுத்த முறை உங்கள் வீட்டிலோ நண்பர்கள் வட்டத்திலோ யாராவது யுவனின் தனிப் பாட்டையோ, ஏதோ ஒரு ராக் பேண்ட் பாடகரின் பழைய கேசட்டையோ வரிசை போட்டுக்கொண்டிருந்தால் கிண்டல் செய்ய வேண்டாம். "மேட்ரிக்ஸ் நம்பர் எழுதினியா? யார் வாசிச்சாங்கன்னு கேட்டியா? இது எப்படித் தெரியும்னு போட்டியா?" என்று கேளுங்கள். பரணில் தாத்தாவின் தட்டுப் பெட்டி இருந்தால், அதை எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறக்கி வைத்துப் போட்டோவாவது எடுத்துவிடுங்கள். அரக்குத் தட்டு கீழே விழுந்தால் உடையும், ஒட்ட வைக்க முடியாது.